பிழைச் செய்தி எந்தக் கணினியிலும் ஒழுங்காக வர: சி நிரல் எழுதத் தொடங்கியவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன், நாங்கள் எழுதிய ஒரு சர்வர் நிரலின் லாக்கில் (நிரல் தன் நடப்பை எழுதி வைக்கும் பதிவில்) 'பிழை 35' என்று ஒரே ஒரு வரி வந்திருந்தது. நான் வேலை செய்தது லினக்ஸில். அங்கே 35 என்றால் ஈடெட்லாக், அதாவது பூட்டுகள் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும் நிலை. அதனால் நிரலில் பூட்டு போடும் இடங்களை எல்லாம் ஒன்று விடாமல் துருவினேன். இரண்டு நாள் அதிலேயே போனது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த லாக் என்னோடு வேலை செய்தவரின் மேக் கணினியிலிருந்து வந்தது என்று. மேக்ஓஎஸ்ஸில் 35 என்றால் ஈஅகெய்ன்: இப்போதைக்கு முடியாது, கொஞ்சம் கழித்து மறுபடி கேள் என்று அர்த்தம். லினக்ஸில் ஈஅகெய்னின் எண் 11. மேக்கில் 11 யாருடையது என்று பார்த்தால், ஈடெட்லாக்கினுடையது! இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

அந்த லாக் வரியில் பிழையின் பெயரும் ஒரு வாக்கியமும் கூட இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். 'அதுதான் ஸ்ட்ரெரர் இருக்கிறதே, கூப்பிட்டால் வாக்கியம் வந்துவிடுமே' என்று நினைப்பீர்கள். வரும். ஆனால் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) ஓடும் நிரலில், பல இயங்குதளங்களில், அது சரியாக வருவதற்குச் சில காரியங்கள் செய்ய வேண்டும். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சி மொழியில் ஃபங்ஷன், பாயிண்டர், பஃபர் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

ஒரு ஃபைலைத் திறக்க முயல்கிறீர்கள், முடியவில்லை. சிஸ்டம் காரணத்தை எர்நோவில் ஓர் எண்ணாகப் போட்டு வைக்கும். ஆரம்ப காலத்தில் எர்நோ என்பது நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு சாதாரண மாறி. த்ரெட்கள் வந்ததும் அது ஒத்துவரவில்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை பாசிக்ஸ். 1995-இல் வந்த அதன் த்ரெட் விதிகள் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி எர்நோ என்று ஆக்கின. 2011-இன் சி தரநிலையும் அதையே எழுதி வைத்தது. இன்று லினக்ஸில் நீங்கள் எர்நோ என்று எழுதினால் அது உண்மையில் ஒரு மேக்ரோ, கம்பைல் ஆகும் முன் வேறு வரியாக மாற்றப்படும் பெயர். இந்த த்ரெட்டின் எர்நோ எங்கே இருக்கிறது என்று ஒரு ஃபங்ஷனைக் கேட்டு, அந்த முகவரியில் இருப்பதை எடுத்துத் தரும்.

ஆக, வேறொரு த்ரெட் வந்து உங்கள் எண்ணை அழித்துவிடும் என்ற பயம் வேண்டாம். அழிப்பது பெரும்பாலும் நாமேதான். திறக்க முடியாமல் போனதும் முதல் வேலையாக 'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு வரி பிரிண்ட் செய்கிறோம், அடுத்த வரியில் எர்நோவைப் பார்க்கிறோம். நடுவில் ஓடிய பிரிண்ட் ஃபங்ஷனே எர்நோவை மாற்றியிருக்கலாம். வெளியீடு திரைக்குப் போகிறதா ஃபைலுக்குப் போகிறதா என்று உள்ளே சோதித்துப் பார்க்கும் லைப்ரரிகள் உண்டு. ஃபைலுக்குப் போகிறது என்றால் அந்தச் சோதனை ஈநோடிடிஒய் என்ற எண்ணை விட்டுவிட்டுப் போகும். பழைய யூனிக்ஸில் அதன் வாசகம் 'இது தட்டச்சு இயந்திரம் அல்ல'. ஃபைல் ஏன் திறக்கவில்லை என்று பார்க்கப் போனவருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

ஆகவே பழக்கம் இதுதான்: தோல்வி என்று தெரிந்த அடுத்த வரியிலேயே, வேறு எதையும் கூப்பிடாமல், எர்நோவை உங்கள் சொந்த மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடுவது, விடுவிப்பது, லாக் எழுதுவது எல்லாம் அதற்கு அப்புறம். நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ கூட எர்நோவை மாற்றலாம் என்ற நிலைதான் வெகுகாலம் இருந்தது. லினக்ஸின் ஜிலிப்சி லைப்ரரி 2.33 பதிப்பிலிருந்துதான் ஃப்ரீ அதைத் தொடாது என்று உறுதி தருகிறது.

இன்னொன்று. தோல்வி என்று ஃபங்ஷன் சொன்ன பிறகே எர்நோவுக்கு மதிப்பு. வேலை நன்றாக முடிந்த பிறகும் அதில் பழைய எண் கிடக்கலாம். எல்லா ஃபங்ஷனும் எர்நோவில் எழுதுவதும் இல்லை. த்ரெட் உருவாக்கும் பாசிக்ஸ் ஃபங்ஷன்கள் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும் மதிப்பாகவே தருகின்றன. இணைய முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோ தனக்கென்று வேறு எண் வரிசை வைத்திருக்கிறது. அதற்கு வாசகம் தர ஜிஏஐ_ஸ்ட்ரெரர் என்று ஒரு தனி ஃபங்ஷன் உண்டு.

ஸ்ட்ரெரரை ஏன் நேரடியாகக் கூப்பிடக் கூடாது

ஸ்ட்ரெரரிடம் எண்ணைக் கொடுத்தால் ஒரு வாக்கியத்தின் முகவரியைத் தரும். அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். லைப்ரரி தனக்குள் வைத்திருக்கும் பொது இடத்தில் இருக்கலாம், அடுத்த அழைப்பு அதன் மேலேயே எழுதலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே கரும்பலகை மாதிரி. முதல் த்ரெட் முகவரியை வாங்கிக்கொண்டு படிக்கப் போகும் நேரத்தில் இரண்டாவது த்ரெட் அதே பலகையில் வேறொன்றை எழுதிவிட்டால், லாக்கில் வேறொருவர் பிழை உங்கள் பெயரில் பதிவாகும். பாதியும் பாதியும் கலந்தும் வரலாம்.

'என் கணினியில் ஆயிரம் முறை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று சிலர் சொல்வார்கள். ஆகாததற்குக் காரணம் இருக்கிறது. ஜிலிப்சி, தெரிந்த எண்களுக்கு எல்லாம் மாறாத, தயார் நிலையில் இருக்கும் வாக்கியத்தின் முகவரியையே தருகிறது. தெரியாத எண் வரும்போது மட்டும் 'தெரியாத பிழை இத்தனை' என்று அந்த நேரத்தில் எழுதிக் கொடுத்தது, அதுவும் பொதுவான ஒரே இடத்தில். 2020-இல் வந்த 2.32 பதிப்பிலிருந்து அந்த இடமும் த்ரெட்டுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. விண்டோஸின் சி லைப்ரரியும் த்ரெட்டுக்கு ஒரு பஃபர் வைத்திருக்கிறது. எனவே புது லினக்ஸிலும் விண்டோஸிலும் தப்பித்துக்கொள்வீர்கள். உங்கள் நிரலோ பழைய சர்வரிலும் ஓடும், உங்களுக்குத் தெரியாத இயங்குதளத்திலும் ஓடும். தரநிலை தராத வாக்குறுதியை நம்பி எழுத வேண்டாம்.

பழைய நிரல்களில் சிஸ்_எர்லிஸ்ட் என்ற பட்டியலை நேரடியாக எடுத்துப் படிப்பதைப் பார்ப்பீர்கள். அதைத் தொடாதீர்கள். அதே 2.32 பதிப்பிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்யும் நிரல்களுக்கு அது கிடைப்பதே இல்லை.

ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள்

இதற்கு மாற்றாக வந்தது ஸ்ட்ரெரர்_ஆர். எண்ணோடு உங்கள் சொந்த பஃபரையும் அதன் அளவையும் கொடுக்கிறீர்கள். பொதுப் பலகையே இல்லாததால் மோதலும் இல்லை. கருத்து நல்லதுதான். ஆனால் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்கள் உலவுகின்றன. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பாசிக்ஸ் வடிவம் உங்கள் பஃபரில் வாக்கியத்தை எழுதிவிட்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சரியாக முடிந்தால் 0, இல்லையென்றால் ஒரு பிழை எண். மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் லைப்ரரி எல்லாம் இந்த வடிவம்தான்.

க்னூ வடிவம், அதாவது ஜிலிப்சியின் சொந்த வடிவம், வாக்கியத்தின் முகவரியைத் திருப்பித் தரும். அந்த வாக்கியம் உங்கள் பஃபரில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரிந்த எண் என்றால் தயாராக இருக்கும் வாக்கியத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு, உங்கள் பஃபரைத் தொடாமலேயே விட்டுவிடும்.

ஜிலிப்சியில் இரண்டும் உண்டு. எது கிடைக்கும் என்பது கம்பைல் செய்யும்போது _க்னூ_சோர்ஸ் என்ற மேக்ரோ இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இருந்தால் க்னூ வடிவம். லினக்ஸில் சி++ கம்பைலர் அந்த மேக்ரோவைக் கேட்காமலேயே வைத்துவிடுகிறது. அதனால் ஒரே வரியை சி ஃபைலிலும் சி++ ஃபைலிலும் எழுதினால் இரண்டிலும் வேறு வேறு ஃபங்ஷன் ஓடலாம்.

தவறிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மேக்கில் எழுதிய நிரல் திரும்பி வரும் மதிப்பைக் கண்டுகொள்ளாமல் பஃபரைப் பிரிண்ட் செய்கிறது. அங்கே சரியாக வருகிறது. அதே நிரல் லினக்ஸில் க்னூ வடிவத்தோடு சேர்ந்ததும், யாரும் எழுதாத பஃபரைப் பிரிண்ட் செய்கிறது. குப்பை வரும், அல்லது நிரலே விழும். திரும்பி வந்தது 0-வா என்று ஒப்பிடும் நிரலில் நிலைமை இன்னும் மோசம். முகவரியை 0-வோடு ஒப்பிடுவது சி மொழியில் செல்லுபடியாகும் என்பதால் கம்பைலர் வாயைத் திறக்காது. முகவரி ஒருபோதும் 0 ஆகாது, அதனால் ஒவ்வொரு முறையும் 'செய்தி கிடைக்கவில்லை' என்ற கிளைக்கே போகும்.

சி மொழியில் எனக்குப் பிடித்த தீர்வு எளிமையானது. பிழை வாசகம் எடுக்கும் வேலைக்கென்று ஒரு தனி ஃபைல் வையுங்கள். அதன் உச்சியில், எந்தத் தலைப்பு ஃபைலையும் சேர்ப்பதற்கு முன்னால், _க்னூ_சோர்ஸை நீக்குங்கள். _பாசிக்ஸ்_சி_சோர்ஸ் என்பதற்கு 200112 என்ற மதிப்பை, பின்னால் எல் எழுத்தோடு, கொடுங்கள். அந்த ஃபைலுக்குள் எப்போதும் பாசிக்ஸ் வடிவம்தான் கிடைக்கும். மற்ற ஃபைல்கள் எல்லாம் உங்கள் ஃபங்ஷனை மட்டும் கூப்பிடட்டும்.

சி++ என்றால் அந்த மேக்ரோவை நீக்காதீர்கள், அதன் சொந்த லைப்ரரிக்கே அது தேவைப்படுகிறது. அங்கே வேறு வழி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சிறு துணை ஃபங்ஷன்கள் எழுதுங்கள். ஒன்று முதல் உள்ளீடாக முழு எண்ணை வாங்கி உங்கள் பஃபரைத் திருப்பித் தரும். இன்னொன்று முகவரியை வாங்கி அதையே திருப்பித் தரும். ஸ்ட்ரெரர்_ஆர் தருவதை அப்படியே இதற்குள் போட்டால், எது வந்தது என்பதைக் கம்பைலரே பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். எந்த இயங்குதளம் என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை.

பாசிக்ஸ் வடிவம் திருப்பித் தரும் எண்ணை நம்பி ரொம்ப நுணுக்கமாகப் போகாதீர்கள். தெரியாத எண்ணைக் கொடுத்தால் மேக்ஓஎஸ் ஈஇன்வால் (தவறான உள்ளீடு) என்று தோல்வி சொல்லும். அதே நேரம் பஃபரில் 'தெரியாத பிழை' என்ற உபயோகமான வாக்கியத்தையும் எழுதி வைக்கும். தோல்வி என்றதும் அதைத் தூக்கி எறிந்துவிட்டால் நஷ்டம் நமக்கு. நான் செய்வது: கூப்பிடுவதற்கு முன் பஃபரின் முதல் பைட்டில் 0 வைக்கிறேன். கூப்பிட்ட பின் கடைசி பைட்டிலும் 0 வைக்கிறேன், வாக்கியம் வெட்டுப்பட்டாலும் முடிவு இருக்க வேண்டுமே. பிறகு பஃபர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். காலி என்றால் மட்டும் என் சொந்த வாக்கியம்.

ஸ்ட்ரெரர்_எல் என்று இன்னொன்றும் உண்டு. 2008 பாசிக்ஸில் வந்தது, த்ரெட்டுக்குப் பாதுகாப்பானது, எந்த மொழியில் வேண்டும் என்றும் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் அதை அடித்தளமாக வைக்க நான் சொல்லமாட்டேன்.

விண்டோஸ்

விண்டோஸில் ஸ்ட்ரெரர்_ஆர் இல்லை, ஸ்ட்ரெரர்_எஸ் இருக்கிறது. பெயர் ஒத்துப்போகிறதே என்று மேக்ரோ போட்டு மாற்றிவிடாதீர்கள், உள்ளீடுகளின் வரிசை வேறு. ஸ்ட்ரெரர்_ஆர் முதலில் எண்ணைக் கேட்கும். ஸ்ட்ரெரர்_எஸ் பஃபர், அளவு, கடைசியாக எண் என்று கேட்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், விண்டோஸில் பிழை எண்கள் ஒரு வரிசை அல்ல. எஃப்ஓபன் போன்ற சி லைப்ரரி ஃபங்ஷன்கள் எர்நோவில் எழுதும். கிரியேட்ஃபைல் போன்ற விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்களுக்குக் கெட்லாஸ்ட்எரரைக் கேட்க வேண்டும். நெட்வொர்க் என்றால் டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரர். மூன்றும் த்ரெட்டுக்குத் தனித்தனிதான், அந்தக் கவலை இல்லை. ஆனால் எண் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எர்நோவில் 5 என்றால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, வட்டு பழுதோ என்று சந்தேகிக்க வேண்டிய விஷயம். கெட்லாஸ்ட்எரரில் 5 என்றால் அனுமதி மறுப்பு. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் ஃபங்ஷனிடம் கொடுத்தால், அனுமதி இல்லாத ஃபைலுக்காக ஒருவர் புது வட்டு வாங்கப் போய்விடுவார். எனவே எண்ணை மட்டும் கடத்தாதீர்கள். எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதும் எண்ணும் சேர்ந்த ஒரு சிறு ஸ்ட்ரக்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கில் ஒரு மறைகுழி இருக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டால் லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. விண்டோஸின் எர்நோ தலைப்பு ஃபைலிலும் ஈகான்ரெஃப்யூஸ்டு என்ற பெயர் இருக்கிறது, ஆனால் அதன் மதிப்பு 107. நெட்வொர்க் ஃபங்ஷன் தந்த எண்ணை அந்தப் பெயரோடு ஒப்பிட்டால் தடையில்லாமல் கம்பைல் ஆகும், ஒருநாளும் உண்மையாகாது. டபிள்யூஎஸ்ஏ என்று தொடங்கும் பெயரோடுதான் ஒப்பிட வேண்டும்.

விண்டோஸின் சொந்த எண்களுக்கு வாசகம் தருவது ஃபார்மட்மெசேஜ். அதைக் கூப்பிடும்போது 'சிஸ்டத்திலிருந்து எடு' என்ற கொடியோடு 'இடைச்செருகலைக் கண்டுகொள்ளாதே' என்ற கொடியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஏன் என்றால் சில வாசகங்களுக்குள் நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கின்றன. எண் 193-இன் வாசகம் '%1 செல்லுபடியாகும் வின்32 நிரல் அல்ல' என்ற பொருளில் இருக்கும். அந்தக் கொடி இல்லாவிட்டால் %1-இல் எதை வைப்பது என்று உங்களிடம் தேடும். நீங்கள் எதுவும் கொடுக்காததால் தோல்வியோ அதைவிட மோசமானதோ நடக்கும். கொடி இருந்தால் %1 என்பதை அப்படியே விட்டுவிடும்.

அகல எழுத்து வடிவத்தை, அதாவது பெயர் டபிள்யூவில் முடிவதை, எடுத்து நீங்களே யுடிஎஃப்-8-க்கு (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) மாற்றிக்கொள்ளுங்கள். அதில் பஃபர் அளவு பைட்டில் அல்ல, எழுத்து எண்ணிக்கையில். வாசகத்தின் கடைசியில் புதுவரிக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைச் சீவாவிட்டால் லாக்கில் ஒரு பதிவு இரண்டு வரியாக உடையும்.

பஃபர் எவ்வளவு பெரியது?

256 பைட் பொதுவாகப் போதும். நான் 512 வைக்கிறேன், காரணம் மொழிபெயர்ப்பு. பயனரின் மொழி அமைப்பை நிரல் ஏற்றுக்கொண்டால் ஜிலிப்சி பிழைச் செய்தியை அந்த மொழியிலேயே தர முயலும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கு மற்ற மொழிகளுக்குப் பொருந்தாது. 'கோப்பு' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறி என்று ஆறு துண்டு. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 18. பஃபர் 17-ஆவது பைட்டில் முடிந்தால் கடைசிக் குறி பாதியில் வெட்டுப்பட்டு, பெட்டிக் குறியாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். வெட்ட வேண்டி வந்தால் எழுத்தின் எல்லை வரை பின்னால் போய் வெட்டுங்கள்.

வாசகம் மொழிக்கு மொழி, லைப்ரரிக்கு லைப்ரரி மாறுவதால், வாசகத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது. எண் 0-வுக்கு ஜிலிப்சி 'வெற்றி' என்கிறது, மேக்ஓஎஸ் 'வரையறுக்கப்படாத பிழை: 0' என்கிறது, மஸ்ல் 'பிழைத் தகவல் இல்லை' என்கிறது. முடிவெடுக்க எண்ணின் பெயர், படிக்கிற மனிதருக்கு வாசகம்.

எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள்

இனி உங்கள் ஃபங்ஷன். உள்ளே வருவது வரிசையும் எண்ணும் உள்ள ஸ்ட்ரக்ட், பஃபர், அளவு. நுழைந்ததும் எர்நோவை எடுத்து வைக்கவும், வெளியேறும்போது திரும்ப வைக்கவும். விண்டோஸில் கெட்லாஸ்ட்எரருக்கும் அதே மரியாதை. பிழையை விளக்க வந்த ஃபங்ஷனே பிழை எண்ணை அழித்துவிட்டுப் போகக் கூடாது. இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கர்ல் நிரலின் மூலத்தில் இதே வேலைக்கு இருக்கும் ஃபங்ஷன் இப்படித்தான் செய்கிறது, கடைசிப் புதுவரியையும் சீவுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள நிரலும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. இரண்டையும் திறந்து படியுங்கள், சிறியவைதான்.

ஃபங்ஷன் ஒருபோதும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வாசகம் கிடைக்காவிட்டால் 'தெரியாத பிழை' என்றாவது தரட்டும். கடைசியில் பெயரும் எண்ணும் கட்டாயம் ஒட்டியிருக்கட்டும்: 'அனுமதி இல்லை, ஈஅக்ஸஸ், 13' என்கிற மாதிரி. பெயருக்கு ஜிலிப்சி 2.32-இல் ஸ்ட்ரெரர்நேம்_என்பி வந்தது. மற்ற இடங்களுக்கு நீங்களே ஒரு ஸ்விட்ச் எழுத வேண்டும். அதில் ஒரு கவனம்: லினக்ஸில் ஈஅகெய்னும் ஈவுட்பிளாக்கும் ஒரே எண், ஈநாட்சப்பும் ஈஓபிநாட்சப்பும் ஒரே எண். இரண்டையும் கேஸ் போட்டால் கம்பைல் ஆகாது. மேக்கில் பின்னது இரண்டும் வெவ்வேறு எண் என்பதால் ஒன்றை அழித்துவிடவும் முடியாது. இரண்டாவதை 'முதலாவதோடு சமமாக இல்லாவிட்டால் மட்டும்' என்று கம்பைலுக்கு முன்பே சோதிக்கும் #if நிபந்தனைக்குள் வையுங்கள்.

சி++ 2011-க்குப் பிறகு எர்ரர்_கோட் என்ற வகை கிடைக்கிறது. எண்ணையும் அதன் வரிசையையும் சேர்த்தே சுமக்கும், நாம் மேலே செய்த ஸ்ட்ரக்ட் மாதிரி. புதிதாக சி++ எழுதுகிறவர் அதிலிருந்தே தொடங்கலாம். ரஸ்ட் மொழியில் லைப்ரரி உள்ளுக்குள் ஸ்ட்ரெரர்_ஆரைக் கூப்பிட்டு உங்களுக்காக இதைப் பார்த்துக்கொள்கிறது.

சோதித்துப் பாருங்கள்

ஃபங்ஷனுக்கு 2, 0, -1, 99999 நான்கையும் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் 512 பைட் பஃபரிலும், 8 பைட்டிலும், 1 பைட்டிலும். 1 பைட்டில் காலி வாக்கியம் வரவேண்டும், நிரல் விழக்கூடாது. கூப்பிடுவதற்கு முன் எர்நோவில் 77 வைத்து, பின்னும் 77-தானா என்று பாருங்கள். அப்புறம் எட்டு த்ரெட்களைக் கிளப்பி, ஒவ்வொன்றும் 99990, 99991 என்று தனக்கான தெரியாத எண்ணையே இலட்சம் முறை கேட்கட்டும். வந்த வாசகத்தில் தன் எண்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். தெரிந்த எண்ணை வைத்துச் சோதித்தால் பழைய ஸ்ட்ரெரர் கூடத் தேறிவிடும் என்பது மேலே பார்த்ததுதான். ஜிசிசி, க்ளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும், த்ரெட்கள் மோதும் இடங்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசர் கொடியோடு ஒருமுறை ஓட்டுங்கள். இதே சோதனையை ஆல்பைன் கன்டெய்னரிலும், ஒரு மேக்கிலும், ஒரு விண்டோஸிலும் ஓட்டிய பிறகு ஃபங்ஷனைப் பொதுக் களஞ்சியத்தில் சேருங்கள்.